கட்டில்மேல் கனோ

கட்டிலின் நடுவில் மண்டி போட்டு உட்கார்ந்து, ஒட்டடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து, வலப்பக்கம் மூன்று தள்ளு, இடப்பக்கம் மூன்று தள்ளு என்று சகாயநாதன் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். நாலாவது தள்ளில் கம்பு நுனி சுவரில் இருந்த கல்யாண போட்டோவில் பட்டது. போட்டோ விழுந்தது. கண்ணாடி நொறுங்கியது. அடுப்படியிலிருந்து ஞானமேரி ஓடி வந்தாள்.

"என்னாங்க பண்றீங்க?"

"ஒட்டடை அடிக்கிறேன்."

"கட்டில்ல மண்டி போட்டுக்கினா?"

"நின்னு அடிச்சா முதுகு வலிக்குது."

இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் ஒட்டடை அடிக்காத மனுஷன். ஞானமேரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். துடைப்பம் எடுக்கப் போனாள்.

விஷயம் இதுதான். மகள் லினெட்டுக்கு கனடாவிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மோன்ரியாலில் இருக்கும் சகாயநாதனின் தங்கை பார்த்துச் சொன்ன இடம். பையன் பெயர் பஸ்கால். தொமினிக் குடும்பம் என்றால் அங்கே கோவிலில் எல்லாருக்கும் தெரியுமாம். பூர்வீகம் புதுச்சேரிதான். பெங்களூரில் வேலை பார்க்கும் லினெட்டுக்கும் போட்டோவில் பையனைப் பிடித்துவிட்டது. இனி பெரியவர்கள் பேச வேண்டியதுதான் பாக்கி. இங்கே பகல் என்றால் அங்கே இரவு. அதனால் பேச்சு எல்லாம் மெயிலிலேயே நடந்தது. லினெட் ஊருக்கு வந்தபோது தன் அம்மாவுக்கு போட்டோ அனுப்புவதற்காக ஞானமேரி பெயரில் ஒரு மெயில் ஐடி திறந்து கொடுத்திருந்தாள். ஞானமேரிக்குக் கம்ப்யூட்டர் பக்கம் போகவே கூச்சம். ஆகவே தெருமுனை பிரவுசிங் சென்டரில் போய் மெயில் பார்ப்பது சகாயநாதனின் பொறுப்பாயிற்று.

தொமினிக்கின் முதல் மெயில் டிசம்பரில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தால்தான் புரிந்தது.

"அன்புள்ள சம்பந்திக்கு, தொமினிக் எழுதுறது. கல்யாணம் பண்ணிக்கிறது புள்ளைங்க. ஆனா காலத்துக்கும் ஒத்துப்போக வேண்டியது நாம ரெண்டு பேரும். எனக்கு ஆளைத் தெரிஞ்சுக்க ஒரு வழிதான் தெரியும். ஒரு வாரம் கனோங்கிற துடுப்புப் படகுல எதிரும் புதிருமா உக்காந்து மீன் புடிச்சா மனசு தெரிஞ்சிடும். ஜூலையில வாங்க. டிக்கெட் என் செலவு. வடக்கே ஏரிங்க இருக்கு, ஆள் நடமாட்டமே கிடையாது. ஏழு நாளைக்குச் சமையல் இல்ல, துணி தொவைக்கிறது இல்ல. நாம ரெண்டு பேரு மட்டும். மீன் புடிச்சுப் பழக்கம் உண்டா?"

'பாவம், கனடாவுல ஆம்பளைங்கதான் துணி தொவைக்கணும் போலிருக்கு' என்று சகாயநாதனுக்கு மனம் இளகியது.

அவர் அரசு அலுவலகம் ஒன்றில் பதிவறைக் கண்காணிப்பாளர். முப்பது வருஷமாகப் பழைய கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறவர். நீச்சல் தெரியாது. வீடு குருசுக்குப்பத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும், கணுக்காலுக்கு மேல் அலை வந்தால் திரும்பிவிடுவார். மீன் வாடைக்குக் குமட்டும். குழம்பில் போட்ட பிறகுதான் அவருக்கும் மீனுக்கும் உறவு.

ஆனாலும் மாப்பிள்ளை வீட்டாரிடம் 'தெரியாது' என்று எப்படி எழுதுவது? கை தன்னால் அடித்தது: "மீன் புடிக்கிறதா? பொறந்து வளந்ததே குருசுக்குப்பம். கடல்தான் எங்க வாசல்."

அங்கே பிடித்தது சனி.

"அப்ப நீங்க புடிச்ச மீனோட ஒரு போட்டோ அனுப்புங்க சம்பந்தி" என்று பதில் வந்தது.

சகாயநாதன் விடிகாலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போனார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஏலக்கூட்டத்தில் நுழைந்து, தங்கள் தெருவுக்கும் மீன் கொண்டுவரும் கன்னியம்மாளிடம் ஆள் இடுப்பு உயர வஞ்சிரம் ஒன்றை வாங்கி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். அலுவலகத்தில் இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமரா தயாராக இருந்தது. ஆனால் மூக்கைப் பொத்தியபடி ஒற்றைக் கையால் தூக்கப் பார்த்ததில் மீன் நிற்கவில்லை. கையிலிருந்து வழுக்கி இரண்டு முறை தரையில் விழுந்தது.

"இப்படிக் குடுங்க" என்று ஞானமேரி செவுளில் விரலை விட்டு ஒரே தூக்காகத் தூக்கினாள். "எதுக்கு போட்டோ?"

"நம்ம ஊரு மீனைப் பாக்கணுமாம் சம்பந்திக்கு. சிரி, சிரி."

ஞானமேரி சிரித்தாள். படத்தை அனுப்பி, கீழே அடித்தார்: "இன்னைக்குக் காலையில நான் புடிச்சது."

மறுநாளே பதில். "அடேயப்பா! அந்தத் தெம்பைப் பாத்தாலே தெரியுது. உங்களுக்குப் போய் சின்ன ஏரி காட்டுனா கேவலம். பிளானை மாத்திட்டேன். இன்னும் நானூறு கிலோமீட்டர் வடக்க போறோம். ரோடு கிடையாது. தண்ணியில எறங்குற பிளேன் நம்மள விட்டுட்டுப் போயிடும். எட்டாம் நாள்தான் வரும். கைடு வேணாம்னு சொல்லிட்டேன். நீங்க இருக்கும்போது கைடு எதுக்கு? கரடி வரும், பயப்படாதீங்க. சாப்பாட்டை மரத்துல கட்டித் தொங்கவிட்டாப் போதும்."

பிரவுசிங் சென்டர் நாற்காலியில் சகாயநாதனுக்கு வேர்த்தது. சாப்பாட்டைத் தொங்கவிடலாம். தன்னை எங்கே தொங்கவிடுவது?

யோசித்து யோசித்து ஒரு வாரம் கழித்து எழுதினார்: "போக ரொம்ப ஆசை சம்பந்தி. ஆனா கொஞ்ச நாளா முதுகுவலி. டாக்டர் பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்றாரு."

இதோடு தொல்லை விட்டது என்று அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

தொமினிக்கிடமிருந்து பதில் வந்தது. "எனக்கும் இதே முதுகுவலிதான் சம்பந்தி! பஸ்கால் பொறந்ததிலேர்ந்து! நல்லதாப் போச்சு, சொன்னீங்க. ஒரு ஏரியிலேர்ந்து இன்னொரு ஏரிக்கு கனோவத் தலையில தூக்கிக்கினு நடக்கணும். அதனால பாரத்தைக் கொறைக்கிறேன். லேசான கனோ வாங்கிட்டேன். பெரிய கூடாரம் ரெண்டு வேணாம், சின்னதா ஒண்ணு போதும். நெருக்கிப் படுத்துக்கலாம். குளிருக்கும் இதமா இருக்கும். சம்மதமா?"

'புள்ள பொறந்ததுக்கு இவருக்கு எப்படி முதுகுவலி வந்துது? ராத்திரியெல்லாம் தூக்கி வச்சுக்கினு இருந்திருப்பாரு. நல்ல மனுஷன்' என்று சகாயநாதன் உருகிப்போனார். இவ்வளவு தங்கமான சம்பந்தியின் மனதை நோகடிக்கவும் முடியவில்லை. "ஒரே கூடாரம் போதும். எனக்குக் குறட்டை கிடையாது" என்று எழுதிவிட்டார்.

அடுத்த மெயில் அடிமடியிலேயே கை வைத்தது. "ஏப்ரல்ல பொண்ணு பாக்கக் குடும்பத்தோட புதுச்சேரி வர்றோம். அப்படியே ஒருநாள் நாம ரெண்டு பேரும் உங்க கடல்ல போய் ஒரு கை பாத்துடுவோம்."

ஏப்ரலுக்கு ஐந்து வாரம் இருந்தது. வேறு வழியில்லாமல் சகாயநாதன் வீராம்பட்டினத்து வடிவேலுவைத் தேடிப் போனார். வடிவேலு கடலுக்குப் போகிற ஆள், நிதானமானவன். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சார், இந்த வயசுல நீச்சலா? வேண்டாமே."

"என் பொண்ணு வாழ்க்கை வடிவேலு."

"பொண்ணு வாழ்க்கைக்கும் தண்ணிக்கும் என்னா சார் சம்பந்தம்?"

"சம்பந்திதான்."

தினமும் காலை ஆறு மணிக்கு அரியாங்குப்பம் ஆற்றில் பாடம். சின்ன வள்ளம் ஒன்று. முதல் நாள் சகாயநாதன் ஏறும்போதே விழுந்தார். இரண்டாம் நாள் ஏறி உட்கார்ந்துவிட்டு விழுந்தார். மூன்றாம் நாள் முன்னேற்றம், வள்ளத்தையும் கவிழ்த்துக்கொண்டு விழுந்தார். வடிவேலு ஒவ்வொரு முறையும் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். முன்மண்டையில் ஏற்கெனவே கொஞ்சம்தான் இருந்தது. வீட்டுக்குப் போய், கட்டில்மேல் ஒட்டடைக் கம்போடு ஒத்திகை.

அவர் ஆற்றில் விழுவதைத் துறைமுகத்துக்குப் போகும் வழியில் கன்னியம்மாள் பார்த்துவிட்டாள். நேரே ஞானமேரியிடம் வந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காத. வீட்ல ஏதாச்சும் மனக்கஷ்டமா? உங்க வீட்டுக்காரரு தெனம் ஆத்துல போய் விழுறாரு. ஒருத்தன் தலைமுடியப் புடிச்சு வெளிய இழுத்துப் போடுறான். மறுநா திரும்பவும் வந்து விழுறாரு."

ஞானமேரிக்கு உடைந்த கல்யாண போட்டோ கண்முன் வந்தது. அன்றிலிருந்து கணவரை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. கேட்காமலே வடை சுட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் அழுதாள். அவர் சாயங்காலமே வீட்டுக்கு வந்து, சகாயநாதனின் தோளில் கை போட்டார்.

"எல்லாம் கேள்விப்பட்டேன் சகாயம். தண்ணியில போய் முடிவு தேடாதீங்க."

கனோ விவகாரம் சாமியார் வரைக்கும் போய்விட்டதே என்று சகாயநாதனுக்கு வெட்கமாகிவிட்டது.

"எனக்கு மட்டும் ஆசையா சாமி? பொண்ணு கல்யாணம் ஆச்சே. இதை விட்டா வேற வழி தெரியல."

"நீங்க போயிட்டா வீட்ல இருக்கிறவங்க கதி?"

"ஏழு நாள் ஒரு மாதிரியா இருக்கும். எட்டாம் நாள் சரியாப் போயிடும் சாமி."

கதவுக்குப் பின்னால் நின்ற ஞானமேரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் கிளம்பியதும் அவளும் பின்னாலேயே ஆட்டோ பிடித்தாள். ஆற்றங்கரையில் இறங்கும்போது வள்ளம் நட்டாற்றில் இருந்தது. சகாயநாதன் அன்றுதான் முதல் தடவையாக விழாமல் பத்துத் தள்ளு தள்ளியிருந்தார். அந்தப் பெருமையில் எழுந்து நின்றார். நின்றவர், நின்ற வாக்கிலேயே தண்ணீருக்குள் போனார்.

வடிவேலு குதிப்பதற்குள் கரையிலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஞானமேரி பாய்ந்திருந்தாள். நாலு வீச்சில் நட்டாற்றுக்குப் போய், கணவரின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கி, ஒற்றைக் கையால் நீந்திக் கரையில் கொண்டுவந்து போட்டாள். வடிவேலு வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"சார், டீச்சரை வீட்லயே வச்சிக்கினு எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

சகாயநாதன் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார். "உனக்கு நீந்தத் தெரியுமா?"

"எங்க அம்மா வீட்ல ஆறு பேருமே நீந்துவோம். அப்பாவோட தூண்டில் போடவும் போவேன். நீங்க என்னிக்காச்சும் கேட்டிருக்கீங்களா?" என்றவள் ஓவென்று அழத் தொடங்கினாள். "அப்படி என்னா கொற வச்சேன் உங்களுக்கு? சாவறதுக்கு ஆத்துக்கு வர்றீங்களே!"

"யாரு சாவறது?"

அங்கேயே, ஈரத் துணியோடு, முதல் மெயிலிலிருந்து எல்லாவற்றையும் அவர் சொன்னார். ஞானமேரி அழுகையை நிறுத்தினாள். பிறகு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள்.

"இனிமே ஒரு பொய் கூடாது. அவங்க வந்து எறங்கினதும் உள்ளதைச் சொல்லிடுங்க. வேணாம்னு போனா போவட்டும். பொய் சொல்லி நம்ம பொண்ணைத் தர வேணாம்."

சகாயநாதன் அரைமனதாகத் தலையாட்டினார். ஆனாலும் மூன்று மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினார்.

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை வந்தார்கள். தெருவில் சாக்கடை வேலை நடந்துகொண்டிருந்ததால் டாக்ஸி முனையிலேயே நின்றுவிட்டது. லினெட் உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தாள். ஞானமேரி காபி கலந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்ற சகாயநாதனை நோக்கி, சட்டையை பேண்ட்டுக்குள் விட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் கையில் பழக்கூடையோடு முதலாவதாக நடந்து வந்தார். சாந்தமான முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் சகாயநாதன் ஓடிப்போய் அவரைக் கூடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"சம்பந்தி! உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. எனக்கு நீச்சல் தெரியாது. மீன் புடிக்கவும் தெரியாது. அந்த வஞ்சிரம் காசு குடுத்து வாங்குனது. முதுகுவலியும் பொய். ஆனா ஒண்ணு மட்டும் சத்தியம். உங்களை எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஏழு நாளு உங்களோட ஒரே கூடாரத்துல நெருக்கிப் படுத்துக்கலாம்னு எழுதுனீங்களே, அதுக்கு நான் மனசார ஆசைப்பட்டேன். நீங்க என்னா முடிவு எடுத்தாலும் சரி, என்னை மன்னிச்சிடணும் தொமினிக்!"

அந்த மனிதர் பழக்கூடையை மெல்லக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் கமிலுங்க. தொமினிக் என் சம்சாரம். அதோ, டாக்ஸியிலேர்ந்து எறங்கி, எங்க அந்த வஞ்சிரம் புடிச்ச என் சம்பந்தியம்மான்னு தேடிக்கினு வர்றா பாருங்க."