நான் செய்த சங்குப் பெட்டி

ஆபத்து வந்தால் மனிதன் தான் படித்த படிப்பை நம்பி நிற்பான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஆபத்து வந்தபோது நான் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடியதில் தப்பில்லை. அந்த ஆபத்தைச் செய்து, ஆணி அடித்துச் சுவரில் மாட்டியவன் நானேதான் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா முடித்துவிட்டு, கேமரன் மலையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்தேன். பேக்டரியில் தற்காலிக வேலை கிடைத்தது. தோட்டத்தில் எல்லாமே பேக்டரியின் மின்சாரச் சங்குதான். காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைப் பெயர் கூப்பிட்டு எண்ணுவதற்கு, ஒரு சங்கு. கொழுந்து நிறுக்க ஒன்று. வேலை முடிய ஒன்று. விடாமல் ஊதினால் தீ என்று அர்த்தம். இருபது வருடமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்து சங்கின் சுவிட்சைப் போட்டு வந்தவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர், மாணிக்கம். அவர் மகள் கலாவைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன்.

ஆசையை வீட்டார் மூலம் சொல்லி அனுப்பியதும் மறுநாளே கிராணி என்னைக் கூப்பிட்டார்.

“வேலை நிரந்தரமானா வந்து பேசு தம்பி. டெம்பரரி ஆளுக்குப் பொண்ணக் குடுத்தா கல்யாணமும் டெம்பரரின்னு ஆயிடும்லா.”

சரி, நிரந்தரமாகிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். என் மூளையில் (அப்போது இருந்ததாக நம்பிக்கொண்டிருந்தேன்) உதித்த திட்டம், மைக்ரோகண்ட்ரோலர் வைத்த தானியங்கிச் சங்கு. மாமனார் ஆகப்போகிறவரின் இருபது வருட வேலையை ஒரு சிப்பிடம் கொடுத்துவிட்டு அவரிடமே பெண் கேட்பது அவ்வளவு நல்ல யோசனை இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியை ஒழுங்காகத்தான் செய்தேன். ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடு, சிப்பின் மின்சாரக் காலுக்குப் பக்கத்தில் கெப்பாசிட்டர், பொத்தான்களுக்கு ரெசிஸ்டர், எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. அந்தக் காலத்துச் சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும். அதைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் பழைய புரோகிராம் அழியும், புதிதாக எழுதலாம். எழுதி முடித்ததும் ஜன்னலை வெளிச்சம் புகாதபடி ஒட்டி மூட வேண்டும். இதுவும் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அந்த ஜன்னலுக்குள் தங்கக் கம்பிகள் மின்னுவது அவ்வளவு அழகு. தோட்டத்து மேனேஜர் துரை பார்க்கட்டும் என்று, ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டேன்.

திறப்பு நாளில் துரை பேக்டரிக்கு வந்தார். பெட்டியின் மூடியைக் கழற்றி ஜன்னலைக் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்து நல்லது என்றார். பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். துரை சோதனைப் பொத்தானை அழுத்தினார். மூன்று விநாடி ஊதிவிட்டுச் சங்கு நிற்க வேண்டும். இரண்டாவது விநாடியில் பிளாஷ் அடித்தது.

சங்கு நிற்கவில்லை.

ஐந்து விநாடி, பத்து விநாடி. படித்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? பெட்டிக்குள் இருந்த ரீசெட் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். ஆனால் விடாத சங்கு கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவனுக்குப் பாலோடு ஊட்டப்பட்டது. வாசலில் தொங்கிய மணல் வாளியை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடி, வரிசையில் நின்றேன். மலையிலிருந்து கூடைகளோடு பெண்கள் இறங்கி ஓடி வந்தார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டு எண்ண ஆரம்பித்தார். என் பெயர் வந்ததும் “இருக்கேன்” என்று கணீரென்று சொன்னேன்.

பக்கத்தில் நின்ற அஞ்சலை அக்கா, இடுப்பைப் பிடித்து மூச்சு வாங்கியபடி கேட்டார்.

“எங்கடா தீ?”

“தெரியலக்கா.”

“நீ பேக்டரிலேருந்துதானே ஓடி வந்த?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். ஓடவில்லை, ஓடும் தகுதி எனக்கு இல்லை. அதற்குள் கிராணி பியூசைப் பிடுங்கிச் சங்கை நிறுத்தியிருந்தார்.

மலைக் காற்றின் ஈரம் சர்க்கியூட்டில் இறங்கிவிட்டது என்று துரையிடம் விளக்கினேன். மறுபடி மின்சாரம் கொடுத்தேன். பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. முதல் படத்தில் பெட்டியைப் பார்த்து நின்ற என் முதுகுதான் விழுந்திருக்கும் என்று போட்டோக்காரர் இன்னொன்று எடுக்க விரும்பினார். பொத்தான், சங்கு, பிளாஷ். மறுபடி நிற்கவில்லை. மறுபடி மலையிலிருந்து கூடைகள் இறங்கின, பாதிப் பேர்தான். (நான் வாளிப் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்ததாகக் கலா இன்றும் சொல்கிறாள். அவள் அங்கே இல்லவே இல்லை.)

கிராணி மறுபடி பியூசைப் பிடுங்கிவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

“தம்பி, ஈரமெல்லாம் இல்ல. அவன் வெளிச்சம் போடறப்பதான் உன் சாமான் பேயறைஞ்ச மாதிரி நிக்குது.”

பிறகு தன் மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை உரித்துச் சிப்பின் ஜன்னலில் ஒட்டினார். போட்டோக்காரர் ஐந்து முறை பிளாஷ் அடித்தார். ஐந்து முறையும் சங்கு மூன்று விநாடியில் நின்றது. மலையிலிருந்து யாரும் வரவில்லை.

இனி அவ்வளவுதான், பிரிஞ்சாங்கில் முட்டைக்கோஸ் லோரி ஏற்றப் போக வேண்டியதுதான் என்று நின்றேன். துரை பெட்டியை ஒரு நிமிடம் பார்த்தார், என்னை ஒரு நிமிடம் பார்த்தார். இந்தச் சாமான் சுவரில் இருக்கும்வரை பக்கத்தில் ஓர் ஆள் நிரந்தரமாக இருந்தாக வேண்டும் என்று கிராணியிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் நான்தான். அடுத்த மாதமே அந்தப் பெட்டிக்குப் பெரட்டுச் சர்க்கியூட் ஒன்று சேர்த்தேன்: விநாடிக்கு ஒரு முறை சிப் ‘இருக்கேன்’ என்று துடிப்பு அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் சங்கு அணைந்து, சிப் முதலிலிருந்து தொடங்கும். அதன் பிறகு அது தவறியதே இல்லை. அதைத் துரையிடம் நான் சொல்லவில்லை.

கலாவை எனக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கெட்டிக்காரர் என்று பெண் கொடுப்பார்கள், தான் அவர் செய்த சாமான் கெட்டுப்போனதால் கொடுத்தேன் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கும் அதே போட்டோக்காரர்தான். தாலி கட்டி முடித்ததும் அவர் கேமராவைத் தூக்கினார். மாமா எட்டி என் உச்சந்தலையை உள்ளங்கையால் மூடினார்.

“இப்ப அடி. இல்லாட்டி இவரும் கத்துவாரு.”

அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், மாமனார் எவ்வளவு உருக்கமாக ஆசீர்வாதம் பண்ணுகிறார் பாருங்கள் என்பார்கள். நான் தலையாட்டுவேன். கலா மட்டும், டீ ஆறுவதற்குள், அவர்களை உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்லி முடிப்பாள்.