ராஜவேலுவின் மூன்று கையெழுத்துகள்

ஆரணி பட்டால் பெயர் பெற்றது என்பவர்கள், 1986-இல் அவ்வூர்ப் பத்திர எழுத்தர் ராஜவேலு 'முதலீட்டாளர்' ஆன செய்தியை அறியாதவர்கள். மனைவி சாவித்திரியின் இரண்டு தங்க வளையல்களை விற்று, சென்னைத் தரகர் தேவகுமார் மூலம் ஒரு சிமெண்டுக் கம்பெனியில் நூறு பங்குகள் வாங்கினார். அன்று முதல் தேசத்தின் தொழில் வளர்ச்சி முழுவதும் அவர் தோளில்தான் இருந்தது. தோள் வலிக்கிறது என்று தைலம்கூடத் தேய்த்துக்கொண்டார்.

முதலீட்டாளருக்குப் பழைய கையெழுத்து போதுமா? முதலெழுத்தில் ஒரு சுழி சேர்த்தார். பிறகு வாலை இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைத்தார். பங்கு விலை ஏற ஏறக் கையெழுத்து முந்தானை ஜரிகைபோல் ஆகிவிட்டது.

விலை இரட்டிப்பானதும், விற்பதற்கான படிவத்தில் அந்த ஜரிகையைப் போட்டு அனுப்பினார். 'பங்கு வாங்கும்போது போட்ட கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை' என்று கம்பெனி திருப்பி அனுப்பியது. மறுபடி போட்டார், மறுபடியும் திரும்பியது. அதற்குள் விலை, வாங்கியதில் பாதிக்கு இறங்கிவிட்டது.

எல்லாம் தரகரின் சதி என்று பங்குச் சந்தையின் நடுவர் மன்றத்துக்குப் பதினெட்டுப் பக்கம் புகார் எழுதினார். 'மேற்படி', 'அன்னார்' ஆகியவை மட்டுமே ஐந்து பக்கம் வரும். தேவகுமாரின் பதில் நான்கு வரிதான். பழைய கையெழுத்தையே போடும்படி மூன்று கடிதம் எழுதியதாகச் சொல்லியிருந்தார். உண்மைதான். ஒரு தரகனா எனக்குக் கையெழுத்துச் சொல்லித் தருவது என்று ராஜவேலு அவற்றைக் கிழித்துப் போட்டிருந்தார்.

விசாரணை நாளில் முதல் பஸ் பிடித்துச் சென்னை போனார். இருபது வருஷமாக ஊருக்கே பத்திரம் எழுதுகிறவன் கையெழுத்திலா குறை என்று மூன்று நடுவர்கள் முன் ஒரு மணி நேரம் முழங்கினார். தலைமை நடுவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"இதுல மூணு தடவை போடுங்க, போதும்."

போட்டார். முதலாவதில் இரண்டு புள்ளி. இரண்டாவதில் மூன்று. மூன்றாவதில் வால் தாளைத் தாண்டி மேஜைமேல் போய் நின்றது. யாரும் சிரிக்கவில்லை, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தேவகுமார்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். தரகர்மேல் குற்றமில்லை என்று அன்றே தீர்ப்பாயிற்று.

வீட்டில் சாவித்திரி சோறு போட்டாள். குழம்பு ஊற்றிய கையில் கண்ணாடி வளையல்கள் மட்டும் சலசலத்தன. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தப்பு யாரு மேலன்னாங்க?" என்றாள்.

அவர் வெகுநேரம் சோற்றைப் பிசைந்தார். "எவனோ ஒருத்தன் எம்பேர்ல கண்டபடி கையெழுத்துப் போட்டுகினு இருந்திருக்கான். எல்லாம் அவனால வந்தது."

"அப்ப அவன்மேல கேஸ் போடுங்க."

"போடலாம்," என்றார் ராஜவேலு. "மனுவுல நான் கையெழுத்துப் போடணுமே."