இடைவேளைச் சீஸ்

இந்த ஜென்மத்தில் ஓடுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். முப்பது வருஷமாக ட்ரோண்ட்ஹெய்ம் நகரத்தையே பஸ்ஸில் வைத்து ஓட்டியவன் நான். ஓட்டுகிறவன் எதற்கய்யா ஓட வேண்டும்?

எல்லாம் டாக்டர் யோரூன் ஆரம்பித்து வைத்த வினை. அளவுநாடாவை என் வயிற்றைச் சுற்றிக் கொண்டுபோனவள், பாதி வழியில் என் மனைவி குன்வோரைக் கூப்பிட்டு மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள்.

"சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்பு, தொப்பை. நாலும் கூட்டணி வச்சிருக்கு, தோர்லைஃப். தொப்பைதான் தலைமை."

"அடுத்த தேர்தல்ல கவிழ்ந்துடாதா டாக்டர்?"

"நீதான் முதல்ல கவிழ்வே. இடைவேளைப் பயிற்சி எழுதித் தரேன். நாலு நிமிஷம் மூச்சு வாங்க மேடு ஏறணும், மூணு நிமிஷம் ஆசுவாசம். இப்படி நாலு தடவை. வாரத்துல ரெண்டு நாள் போதும். சோதிச்சுப் பார்த்துட்டேன், உன் இதயம் தாங்கும்."

இடைவேளை என்ற சொல் காதில் தேனாகப் பாய்ந்தது.

"இடைவேளையில என்ன சாப்பிடலாம்?"

"இது சினிமா இல்லய்யா!" என்றாள் குன்வோர். "உன் இடைக்கு வந்திருக்கிற வேளை."

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், என் பழுப்புச் சீஸை நாடு கடத்தியது. ஆட்டுப்பாலைச் சுண்டக் காய்ச்சிய அந்தச் சீஸ் இல்லாமல் எனக்கு ரொட்டி இறங்காது. ரொட்டி இல்லாமல்கூடச் சீஸ் இறங்கும்.

"கொஞ்சம் இரக்கம் காட்டு குன்வோர்."

"உங்கப்பா இதே தொப்பையோட ஐம்பத்தெட்டுல போனாரு. உனக்கு இந்த ஆகஸ்ட்ல ஐம்பத்தெட்டு. தனியா பனி வாரிக் கொட்டிக்கிட்டு என்னால இருக்க முடியாது."

அவள் குரல் உடைந்தது. எனக்கும் நெஞ்சைப் பிசைந்தது. நெஞ்சு பிசைந்ததே தவிர நாக்கு அடங்கவில்லை.

ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குடிலுக்குப் போனோம். கிளம்பும்போதே என் மணிக்கட்டில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். அன்பளிப்பு என்று நினைத்து முத்தம்கூடக் கொடுத்தேன். பிறகுதான் சொன்னாள், அது நாடித்துடிப்பு பார்க்கிற கடிகாரம் என்று.

பக்கத்துக் குடில் ஒட்வார் நல்ல மனுஷன். நான் கேட்டதும் பனிச்சறுக்கில் போய் ஒரு முழுச் சீஸ் கட்டி வாங்கி வந்தான். அதை எங்கே ஒளிப்பது? குடிலுக்குள் அவள் மூக்கு இருக்கிறது. அவள் மூக்கை நுழைக்காத ஒரே இடம், மேட்டின் மேல் இருக்கும் கக்கூஸ். கதவில் இதய வடிவத்தில் ஓட்டை போட்ட, எங்கள் அருமையான மரக் கக்கூஸ். அங்கே பழைய செய்தித்தாள் பெட்டிக்குள் சீஸைப் புதைத்தேன்.

மறுநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

"என்னாச்சு?"

"மலைத் தண்ணி ஒத்துக்கலை. வயிறு கலங்குது."

"வயிறு கலங்கினவன் ஊர்வலமா போவான்? அந்த நடையைப் பார்த்தா எனக்குச் சந்தேகமா இருக்கே."

என்ன செய்ய? ஓடினேன். முழங்கால் பனியில், மூச்சு தொண்டையில் நிற்க, நாலு நிமிஷம் மேடேறினேன். அவள் பறவை பார்க்கும் தொலைநோக்கியோடு ஜன்னலில் நின்று, "இன்னும் வேகமா! வழியில விட்டுடாதே!" என்று கத்தினாள்.

தாழ்ப்பாள் போட்டேன். சட்டைக்குள்ளிருந்து சீஸ் சீவியை எடுத்தேன். பழுப்புச் சீஸைச் சீவித்தான் தின்ன வேண்டும். மெல்லிசாக, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி. கடித்துத் தின்ன நான் என்ன ஓநாயா? இரண்டு சீவல் தின்றிருப்பேன். தட் தட் என்று கதவு.

இதய ஓட்டையில், என் பின்னாலேயே மேடேறி வந்துவிட்ட குன்வோரின் கண் தெரிந்தது.

"சீக்கிரம் வாய்யா! மத்தவங்களுக்கும் வயிறு இருக்கு."

வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு சீவலில் ஆசை அடங்குமா? கீழே போனதும் மறுபடி வயிறு கலங்கியது. மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு சீவல், மறுபடி தட் தட். ஒரு காலையில் நாலு தடவை. மே மாதம் வரை வார இறுதி தவறாமல் மலைக்குப் போனோம், வார இறுதி தவறாமல் மலைத் தண்ணி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பயிற்சி எப்போது என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நான் குதூகலித்தேன்.

மே மாதம் டாக்டர் யோரூன் அளந்தாள். இந்தத் தடவை நாடாவின் இரு முனையும் அவள் கைக்கே எட்டின. சர்க்கரை இறங்கியிருந்தது. பிரஷரும் இறங்கியிருந்தது. உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு. ஒரு நாள்கூடப் பயிற்சி செய்யாமலேயே கூட்டணியைக் கவிழ்த்தவன் நான் அல்லவா!

கடிகாரத்தைக் கணினியில் பொருத்திப் பார்த்த டாக்டர் பரவசமானாள்.

"நாலு நிமிஷம் ஏத்தம், மூணு நிமிஷம் ஆசுவாசம், அப்புறம் இறக்கம். ஒவ்வொரு நாளும் சரியா நாலு தடவை! இவ்வளவு கச்சிதமா யாரும் செஞ்சதில்லை. உனக்கு யார் பயிற்சியாளர்?"

நான் மெதுவாகத் திரும்பினேன். குன்வோர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. சீஸே இல்லாத வீட்டுல சீஸ் சீவி காணாமப் போச்சு. எவனாவது அதை எடுத்துக்கிட்டுக் கக்கூஸுக்குப் போவானா? நல்லவேளை, நீ நாகரிகமானவன். கடிச்சுத் தின்னுருந்தா முதல் ஓட்டத்துலயே கட்டி தீர்ந்திருக்கும்."

"அப்போ நீ கதவைத் தட்டினது?"

"இடைவேளை முடிஞ்சா மணி அடிக்க வேண்டாமா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே நான் அவசரப்படப் போறதே இல்லை. மேட்டுக்கு நடந்தே போவேன், பாரு!"

"தாராளமா. ஆனா வயிறு அவ்வளவு நேரம் தாங்கணுமே" என்றாள் குன்வோர். "நாலு நாலு தடவை போனா குழி நிறையாதா? கக்கூஸை இடம் மாத்தச் சொல்லி ஒட்வார்கிட்ட சொல்லிட்டேன்."

"எங்கே?"

"உச்சிப் பாறைக்குப் பக்கத்துல."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிஜமாகவே வயிறு கலங்குகிறது.