வத்தல்மலையில் எனக்கொரு மாந்தோப்பு

படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவரை ஊரில் ஏமாளி என்பார்கள். படிக்காமல் மெயில் அனுப்புகிறவருக்கு இன்னும் யாரும் பேர் வைக்கவில்லை. என் பேரையே வைத்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்காக நான் தலைகுனிந்து நிற்பேன் என்று எதிர்பார்த்தால், மன்னிக்கவும், பாதிக்கு மேல் என் தலை குனியாது.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் எனக்கு ஆபீஸ் வேலை. என் இங்கிலீஷ் ‘ரெஸ்பெக்டட் சார்’ வரைக்கும் ஓடி, அங்கேயே பஞ்சராகி நின்றுவிடும். அப்படிப்பட்டவளின் ஃபோனில் ஏஐ வந்து சேர்ந்தது. தமிழில் இரண்டு வரி தட்டினால் லண்டனில் பிறந்த மாதிரி கடிதம் கொட்டும். முதலாளி கோவிந்தராஜ் அசந்துபோய், எப்படிம்மா என்று கேட்டார். வீட்டில் உட்கார்ந்து படிக்கிறேன் என்றேன். (படித்தேன்தான். சமையல் குறிப்பு.)

பெங்களூரில் கூழ் வாங்கும் ஒரு கம்பெனி, எங்கள் ஆலையைப் பற்றி எழுதி அனுப்பச் சொன்னது. முதலாளி, கெத்தாக இருக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நானும் ‘தருமபுரி, மாம்பழம், பக்கத்தில் வத்தல்மலை, பாரம்பரியம், கெத்து’ என்று தட்டினேன். பக்கம் பக்கமாக வந்தது. முதல் பத்தி பிரமாதம். கடைசிப் பத்தியும் பிரமாதம். நடுவில் இருப்பதும் பிரமாதமாகத்தான் இருக்கும் என்று அனுப்பிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

பதில் வந்தது. அவர்களுக்கு ரொம்ப சந்தோஷமாம். வத்தல்மலைச் சரிவில் எங்களுக்கு இருக்கும் பரம்பரை மாந்தோப்பையும், விடியற்காலையில் பாடிக்கொண்டே பழம் பறிக்கும் மலைப் பெண்களையும் நேரில் பார்க்க வருகிறார்களாம்.

அப்போதுதான் என் மெயிலை நான் முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். எங்களுக்குச் சொந்தமாக ஒரு மாங்கன்றுகூடக் கிடையாது. பழமெல்லாம் விவசாயிகளிடமிருந்து லாரியில் வருகிறது. மலை மேலே காபியும் மிளகும் சாமையும்தான் பேர்போனவை. பரம்பரை என்று பார்த்தால், முதலாளியின் அப்பா சைக்கிள் டயர் விற்றவர். ஏஐயிடம், ஏன் இப்படிப் பொய் எழுதினாய் என்று கேட்டேன். தவறுக்கு வருந்துவதாகப் பணிவாகச் சொன்னது. (ஆபீஸில் என்னிடம் யாரும் அவ்வளவு மரியாதையாக மன்னிப்புக் கேட்டதில்லை.)

நேராக முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொல்லி, திருத்தி அனுப்பிவிடலாம் என்றேன். அவர் மெயிலை வாங்கிப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. நல்லாத்தானே இருக்கு, அப்படியே விடு என்றார். மலையடிவாரத்தில் அவருடைய மச்சானுக்கு ஒரு தோப்பு இருந்தது. பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து சில பெண்களைக் கூப்பிட்டால் அவர்கள்தான் மலைப் பெண்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். சம்பளம் தருகிறவர் காதில் அது ஏறவில்லை.

பெங்களூர் அம்மா, தோப்பில் நடக்கவென்றே புது ஷூ போட்டுக்கொண்டு வந்திறங்கினார். அந்தக் கம்பெனியில் பெரிய அதிகாரி, கன்னடக்காரர், ஆனால் தமிழ் தெரியும். சூளைப் பெண்கள் கூடையோடு நின்றார்கள். பாட்டு எதுவும் வராது என்று காலையிலேயே சொல்லிவிட்டிருந்தார்கள். அவர்களில் மாதம்மாள் அக்கா மட்டும், எனக்கு ஒப்பாரிதான் வரும், பரவாயில்லைங்களா என்று கேட்டிருந்தார். எதுவோ ஒன்று பாடு என்று முதலாளி உத்தரவு போட்டிருந்தார்.

பாடினார் பாருங்கள். மரத்தில் இருந்த காக்காய்கூடப் பறக்காமல் கேட்டது. பெங்களூர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தார்.

முதலாளி என்னைக் கைகாட்டினார். “செல்வி சொல்லும் மேடம். மெயில் எழுதுனதே அதுதான்.”

செத்துப்போன புருஷனை நினைத்து அழுகிற பாட்டை மாங்காய்ப் பாட்டாக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது.

“இது ஒப்பாரிங்க மேடம். தோப்பு இவரு மச்சானுது. இவங்க சூளையில வேலை செய்யறவங்க. மெயிலை ஏஐ எழுதுச்சு, நான் படிக்காம அனுப்பிட்டேன்.”

“செல்வி, நீ போயி வண்டியில உக்காரு.”

“உக்கார மாட்டனுங்க. மெயில் என் பேருல போயிருக்கு.”

பெங்களூர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஃபேக்டரியாவது இருக்குதா?” என்றார்.

இருந்தது. வந்து சுற்றிப் பார்த்தார், சுத்தமாக இருக்கிறது என்றார், ஆர்டர் கொடுக்காமல் போனார்.

மறுநாள் முதலாளி, இனி ஆபீஸில் எவரும் ஏஐ பக்கம் போகக்கூடாது என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சட்டம் போட்டார். எல்லாத் தப்பும் அந்த மிஷினுடையதாம். வேலை போனால் போகட்டும் என்று எழுந்துவிட்டேன்.

“மிஷின் தெரியாம எழுதுச்சுங்க. படிக்காதது நானு. தெரிஞ்சே பாடச் சொன்னது நீங்க.”

அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இன்னொருத்தியைத் தேடினால் ‘ரெஸ்பெக்டட் சார்’ கூட வராது என்று தெரிந்திருக்கும். அந்தச் சட்டத்தையும் அவர் மறுபடி எடுக்கவில்லை. நான் ஏஐயை விடவில்லை. ஒளித்து வைப்பதை மட்டும் விட்டேன். விவசாயிகள் பேரையும் பேங்க் விவரத்தையும் அதில் போடமாட்டேன். எழுதித் தந்ததை வரிவரியாகச் சத்தமாகப் படித்து, எங்களிடம் இல்லாததை அடித்துவிட்டுத்தான் அனுப்புவேன். முதலாளியே எதிரில் வந்து நின்று கெத்து வேண்டும் என்றாலும் அடிப்பேன். அடுத்த சீசனில் பெங்களூர் அம்மா ஒரு சின்ன ஆர்டர் கொடுத்தார். ‘கூழ் மட்டும் போதும், பாட்டு வேண்டாம்’ என்று கீழே எழுதியிருந்தார்.

ஆபீஸில் அதோடு முடிந்தது. சொந்தக்காரர்களிடம் முடியவில்லை. கதை அவர்கள் இருக்கும் மொரப்பூர் போய்ச் சேர்வதற்குள் நடுப்பகுதி உதிர்ந்து, செல்விக்கு வத்தல்மலையில் தோப்பு இருக்கிறது என்பது மட்டும் மிஞ்சியது. என் வீட்டுக்காரரும் சிரிப்புக்காக ஆமாம் என்று சொல்லி வைத்தார். இப்போது ஒவ்வொரு விசேஷத்திலும் நாத்தனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோப்பை யார் பேரில் வாங்கினீர்கள் என்று கேட்கிறார். இல்லை என்று சொல்லி அலுத்துப்போய், போன கல்யாணத்தில் பாதியை அவருக்கே எழுதி வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். ரோட்டோரப் பாதிதான் வேண்டுமாம்.