அளவுகோல் சின்னத்தார் களம் கண்டது

வாழ்க அவர்! இருமருங்கும் பேருந்துகள் இரைந்தோட, மூன்றடுக்கு உயர்ந்து நின்ற நகரப் பள்ளியின் நிர்வாக அலுவலர். மணியோசைக்கு முன் எழுந்து மணியோசைக்குப் பின் அமர்பவர். ஆயிரத்து நானூறு பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டைப் பூபாரம்போல் தாங்கியவர். செருக்களத்துக் குருதியெனச் சிவந்த மை தோய்ந்த பேனாவைச் சட்டைப்பை என்னும் உறையில் செருகிய செம்மல். 'சிவப்பு மை' என்று இரண்டு தலைமுறை மாணவரால் முதுகுக்குப் பின்னால் ஏத்தப்பெற்ற ஏந்தல். அவர் தேர்தல் களம் புகுந்த வரலாற்றைப் பாடப் புகுந்தோம். கலைமகளே, நீ துணைக்கு வர வேண்டாம். அவருக்குத் தாமதம் ஆகாது. நீ வந்து சேர்வதற்குள் வாசல் கேட்டைப் பூட்டிவிடுவார்.

அன்னாரின் திக்விஜயம், ஒரு கால் குட்டையான எழுத்தர் நாற்காலியில் தொடங்கிற்று. முதலாண்டில் வருகைப் பதிவேடு அவர் வசமாயிற்று. மூன்றாம் ஆண்டில், பழைய மேலாளர் மூலநோயால் விடுப்பெடுத்த வேளை பார்த்து, சாவிக்கொத்தைக் கைப்பற்றினார். எட்டாம் ஆண்டில், இரும்பு அலமாரிகளே மதிலாகவும் வினாத்தாள் கட்டுகளே கொத்தளமாகவும் விளங்கிய தேர்வுப் பிரிவு அவர் தாள் பணிந்தது. அன்று அவர் பிறப்பித்த ஆணை, சுவரில் சட்டமிட்டு மாட்டப்பட்டு, அவருக்குப் பின்னும் ஆணி தளராமல் தொங்குகிறது:

"தேர்வுக்கு வருவோர் இரண்டு பேனா கொண்டு வருக. முதலில் பெயர். அடுத்து எண். வலது மூலையில் தேதி. அதனடியில் அளவுகோல் வைத்து ஒரு கோடு. அதன் பிறகே விடை. பெயரில்லாத தாள் தாளே அன்று."

இவ்வாணையின் கூர்மையை முதலில் உடலில் ஏற்றவன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். கணக்கில் தொண்ணூற்று நாலு மதிப்பெண்ணுக்கு எழுதியிருந்தான்; பெயரெழுத மறந்திருந்தான். வகுப்பில் மற்ற எல்லாத் தாளுக்கும் உரியவர் தெரிந்துவிட்டதால் எஞ்சிய தாள் எவனுடையது என்று சுவருக்கும் தெரியும். கணக்கு வாத்தியார் வந்து மன்றாடினார்: "எழுதினவன் யாருன்னு தெரியுதே சார், விட்டுடக் கூடாதா?"

"விதி விதிதான்," என்றார் வீரர். முட்டை வடிவில் ஒரு சுழி விழுந்தது. பையன் மறு ஆண்டு பள்ளிக்கு வரவில்லை; மாமாவின் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி பிடிக்கப் போய்விட்டான்.

பணியில் இருபத்தேழு ஆண்டுகள் இங்ஙனம் கழிய, பள்ளி வாசலில் மாநகராட்சி ஒரு பள்ளம் தோண்டியது. தோண்டியதோடு அதை மறந்தது. மழை பெய்து குளமாகி, குளத்தில் ஒரு மூன்றாம் வகுப்பும் இரண்டு ஆசிரியைகளும் விழுந்தெழுந்தபின், நம் தலைவர் அறுபத்தொரு மனுக்கள் விடுத்தார். அறுபத்தொன்றுக்கும் வந்த விடை ஒன்றே: வார்டு உறுப்பினரைப் பார்க்கவும். வார்டு உறுப்பினரோ காண்பதற்கரிய பரம்பொருளாய் இருந்தார். ஆகவே, பாம்பணையை விட்டெழுந்த மால்போலச் சுழல்நாற்காலியை விட்டெழுந்த தலைவர், தாமே உறுப்பினர் ஆவதென்று சூளுரைத்தார்.

பள்ளி ஊழியர் தேர்தலில் நிற்கக் கூடாதென்பது விதி. அவ்விதியை எழுதியவரும் அவரே. இருபத்துநான்கு ஆண்டு இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை இருமுறை எண்ணித் தாளாளர் மேசையில் வைத்தார். தாளாளர் சாவியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"தோத்துட்டா திரும்பி வரலாம்னு நினைக்காதீங்க சார். அந்த சீட்டுக்குத் திங்கக்கெழமை வேற ஆள் வருது."

வீட்டில் மனைவியும் அதையே வேறு விதமாகக் கேட்டாள். "ஏங்க, ஜெயிக்கலேன்னா என்ன பண்றது? நாள் முழுக்க வீட்லயா இருப்பீங்க?" அக்குரலில் இருந்த அச்சம் தம் தோல்வியைப் பற்றியதன்று, தம் இருப்பைப் பற்றியது என்பதை அவர் உணர்ந்தாரில்லை.

"ஒழுங்காகத் தயார் செய்தவன் தோற்றதில்லை!" என்று முழங்கினார்.

"பெயிலான எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க," என்று அவள் விளக்கை அணைத்தாள்.

எதிரணியில் தேரேறி வந்தவர் யார் தெரியுமா? நான்கு கிளைகள் கொண்ட சலவைக் கடையின் அதிபதி. அந்தப் பழைய தொண்ணூற்று நாலு. தெருமுனையில் ஒரு ஸ்டூல் மேல் ஏறி அவர் பேசினார்:

"அண்ணே, அக்கா, கணக்குல தொண்ணூத்தி நாலு வாங்கினவன் நான். பேர் எழுதலேன்னு இந்த சார் சைபர் போட்டாரு. நல்லதாப் போச்சு. இன்னிக்கு உங்க எல்லார் வீட்டு அழுக்கும் எனக்குத் தெரியும். யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"

கூட்டம் சிரித்தது, சிலர் சிரிப்பை நடுவில் நிறுத்தினர். அவ்வழி நடந்த நம் தலைவர், எதிரியின் துண்டறிக்கை ஒன்றைக் கையில் வாங்கி ஆராய்ந்தார். அதில் தேதி இல்லை. வெற்றி தமதே என்று அக்கணமே தெளிந்தார்.

ஆயினும் தயாரிப்பை விட்டாரில்லை. தட்டச்சுப் பயிலகம் ஒன்றின் மாடியை வாடகைக்கு அமர்த்தினார். தம் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பழைய மாணவரும் பெற்றோருமாய் நாற்பத்தொருவரைப் படையெனத் திரட்டினார். வாக்குச்சீட்டு போலவே தாள் அச்சடித்து, மூன்று ஞாயிறுகள் மாதிரித் தேர்வு நடத்தினார். தம் அளவுகோல் சின்னத்தின்மேல் முத்திரை கோணாமல் விழ வேண்டும். சீட்டு நேர்மடிப்பாய் மடிய வேண்டும். முதலில், சட்டமிட்ட அந்த ஆணைப்படி தாளில் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். பேரப்பிள்ளை எடுத்த ஓர் அம்மாள் மட்டும் எழுந்து, "சார், இதுக்கும் பேர் எழுதணுமா?" என்றாள்.

"எதற்குத்தான் வேண்டாம்?" என்றார் தலைவர். அம்மாள் உட்கார்ந்து எழுதினாள்.

மூன்று ஞாயிறும் வராத மூவரின் பெயர்களைச் சிவப்பு மையால் சுழித்து, அவர்களைத் துரோகிகள் என்று மனத்துள் பதிவு செய்துகொண்டார். பின்வரிசையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவியை அவர் பட்டியலில் சேர்க்கவே இல்லை. சொந்த வீட்டைப் பயிற்றுவிப்பார் உண்டோ?

வாக்கெடுப்பு நாள் புலர்ந்தது. முப்பத்தெட்டு பேர், சட்டைப்பையிலும் கைப்பையிலும் இரண்டிரண்டு பேனா மின்ன, உயரவாரியாக வரிசை கட்டி வந்தனர். "வரிசையில் எவரும் எவருடனும் பேசலாகாது!" என்று அவர் விடுத்த ஆணைக்கு, வரிசைக் கடைசியில் வந்து சேர்ந்துகொண்ட அவர் மனைவி உள்பட அனைவரும் வாய் பொத்தி நின்றனர். யானைப்படை அடங்கிய காடுபோல் அமைதி. வாக்குச்சாவடிப் பணியாளர் ஒருவர் மற்றவரிடம், "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டதே அன்று அங்கு எழுந்த ஒரே ஒலி.

மறுநாள் வாக்குகள் எண்ணப்பட்டன. மின்விசிறி கிறீச்சிடும் விளையாட்டுக் கூடத்தில், சலவையார் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. நம் தலைவர் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பதினான்கு வாக்கில் ஒரு பள்ளமும், இருபத்தேழு ஆண்டும், ஒரு சாவிக்கொத்தும் போயின. தலைவர் சிங்கமெனச் சிலிர்த்தார்.

"செல்லாத சீட்டுகளைக் காட்டுக!"

எண்ணும் அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய பெண்மணி. ஒரு சிறு சீட்டுக்கட்டை எடுத்து அவர் முன் வைத்தார். "மொத்தம் முப்பத்தொம்பது சார். எல்லாமே உங்களுக்குத்தான் குத்தியிருக்காங்க. ஆனா ஒவ்வொண்ணுலயும் மேல பேரு, எண்ணு, மூலையில தேதி, கீழ ஒரு கோடு. ரகசிய ஓட்டுல யாருன்னு எழுதிட்டா செல்லாது."

சலவையார் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் வெற்றிக்களிப்பு இருந்திருந்தால் இக்காவியத்துக்கு நன்றாக இருந்திருக்கும், இல்லை. "மேடம்," என்றார், "எழுதினவங்க யாருன்னுதான் தெரியுதே, விட்டுடக் கூடாதா?"

முப்பத்தொன்பதையும் சேர்த்தால் வெற்றி. அதிகாரி வாய் திறக்குமுன் தலைவர் சொன்னார்: "விதி விதிதான்."

பின் அவர் அமர்ந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்துபவரைப்போல் பார்த்தார். பெயர்கள் அனைத்தும் இருந்தன. எண்கள் இருந்தன. தேதி மாறவில்லை. ஒரு கோடு கூடக் கோணவில்லை. இருபத்தேழாண்டுப் பணியில் ஒரு வகுப்பு முழுமையும் பிழையின்றி எழுதிய தாள்கட்டு அவர் கைக்கு வந்தது அதுவே முதன்முறை. அவரால் துரோகியெனச் சுழிக்கப்பட்ட மூவரின் வாக்குகள் எங்கோ செல்லுபடியாகி, ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குள் கிடந்தன. கட்டின் அடியில் முப்பத்தொன்பதாவது சீட்டு இருந்தது. கோடு, ஆறங்குல அளவுகோலால் இழுத்தது. கையெழுத்து அவருக்குத் தெரியும். தினமும் காலையில் பதிவேட்டில் தாமே போடுவது.

மீண்டும் கட்டைப் புரட்டினார். எதையோ தேடினார்.

"என்னோடதா?" என்றாள் அருகில் நின்ற மனைவி. "அதுல இருக்காது."

"நீ பேர் எழுதலையா?"

"சீட்டுல எதுவும் எழுதக் கூடாதுன்னு வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. படிச்சேன்."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கதானே வரிசையில பேசக் கூடாதுன்னீங்க."

பொன்முடி இழந்த மன்னர்போல் அவர் எழுந்தார். சீட்டுக்கட்டின் நான்கு மூலைகளையும் மேசையில் தட்டி ஒழுங்கு செய்து அதிகாரியிடம் தந்தார்.

வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள், பஸ் வரவில்லை, நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.