கதவோரம் வைத்த ஜாடி

ஜாடி உடைந்த சத்தத்தைவிட, அதற்குப் பிறகு வந்த அமைதிதான் தையல்காரரைப் பயமுறுத்தியது. மனைவி தன் கையால் செய்த முதல் ஜாடி அது. கதவோரம் எதற்குத்தான் வைத்தாளோ, அவர் முழங்கை பட்டுப் போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வர இரண்டு வாரம் ஆகும்.

மனிதர் ஒரு துண்டைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் அத்தனையையும் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். தடயம் போனது, உறுத்தல் போகவில்லை. அவள் ஆசையாகக் கொண்டுவந்து காட்டிய அன்று, "மண்ணாங்கட்டிக்கு வாய் வெச்ச மாதிரி இருக்கு" என்று சொன்னவர் அவர்தான். அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது இப்போது நினைவுக்கு வந்தது.

இன்னொன்று செய்துவிட வேண்டியதுதான். அதிர்ஷ்டம், அவள் பிசைந்த மண் ஈரச்சாக்குக்கு அடியில் தயாராக இருந்தது. பக்கத்திலேயே மூட்டை நிறைய மரத்தூள். அவள் செய்யப் பார்த்த ஞாபகத்தில் மண்ணைக் கயிறு கயிறாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஜாடியை எழுப்பினார். அதைச் சுடக் கொல்லையில் இடுப்பு ஒடியக் குழி வெட்டினார். ஈரம் காயும் முன்பே தீக்குள் வைத்ததால் ஜாடி வெடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்ன சார் சத்தம்?"

"ஒண்ணுமில்ல, குப்பை எரிக்கிறேன்."

"குப்பை இப்படி வெடிக்குமா?"

"எங்க வீட்டுக் குப்பை அப்படித்தான்."

இரண்டாவதை நன்றாகக் காயவிட்டு, மரத்தூளில் புதைத்து, மேலே விறகு அடுக்கிச் சுட்டார். சாம்பலைக் கிளறினால், புகைக் கருப்பு படிந்து அதே ஜாடி.

மனைவி வந்தாள். ஜாடிக்குள் கையை விட்டுத் தடவினாள்.

"ஒட்டின கோட்டைக் காணோமே?"

"எந்தக் கோடு?"

"போன மாசமே என் கை தவறி ஒடஞ்சுபோச்சுங்க. பசை போட்டு ஒட்டிக் கதவோரமா வெச்சுட்டுப் போனேன். உங்க முழங்கை எங்க இடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"எதுக்கு இப்படி?"

"பானை சுட ஒரு குழி வெட்டிக் குடுங்கன்னு எத்தனை வருஷமா கேட்டேன்? சுடாத பானைய மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல தோழி வீட்டுச் சூளைக்குப் போவேன். போய்ச் சேர்றதுக்குள்ள பாதி நொறுங்கிடும். நீங்க உடைச்சா வாயத் திறக்க மாட்டீங்க, ரகசியமா இன்னொண்ணு செய்யத்தான் பாப்பீங்க. அதான் மண்ணையும் பிசைஞ்சு வெச்சுட்டுப் போனேன்."

தையல்காரருக்குக் கோபம் வரவில்லை. பஸ்ஸில் அவள் மடியில் நொறுங்கிய பானைகளைத்தான் நினைத்தார். ஒரு காலைப்பொழுது வேலை. கேட்ட அன்றே வெட்டியிருக்கலாம்.

"தப்புதாம்மா" என்றார்.

அவள் கொல்லைக்குப் போய்க் குழியை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு ஜாடிக்கு இது போதும். எங்கிட்ட சுடாதது எட்டு இருக்கு. மண்வெட்டிய உள்ள வெச்சுடாதீங்க."