எண்ணெய்த் தலையோடு ஆயிரம் எட்டு

எனக்கு ஒரு வியாதி உண்டு. கேட்காதவர்களுக்கும் சொற்களின் பூர்விகத்தைச் சொல்லிவிடுவேன். (வைத்தியம் பார்க்கவில்லை, வீட்டார்தான் பழகிக்கொண்டார்கள்.)

தங்கை செல்விக்கு நிச்சயதார்த்தம். புதன்கிழமை, தென்காசியில் எங்கள் வீட்டில். பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் தாம்பூலம் மாற்ற வேண்டும். ஏற்கெனவே இரண்டு வரன்கள் வாசல்வரை வந்து தட்டிப்போயிருந்ததால் அம்மா எனக்கு ஒரே ஒரு வேலைதான் தந்தாள். மாப்பிள்ளையின் அப்பா சுரண்டைக்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் நல்ல காரியத்தில் உட்காருவார்.

"குளிக்க வச்சுக் கூட்டிட்டு வா. வாயை மட்டும் தொறந்திராத," என்றாள்.

9.35க்குக் குற்றாலத்து அருவிக்கரையில் மாப்பிள்ளையின் அப்பா, எனக்கு இனி மாமா, அவர் தலையில் எண்ணெய் இறங்கியது. அது ஊறும் நேரத்தில், "எம்பய எல்லாப் பரீச்சையும் ஒரே தடவையில பாஸு, தம்பி," என்றார். நான் தலையாட்டியிருக்கலாம்.

"அந்த பாஸ், லத்தீன்ல 'பாஸுஸ்'னு ஒரு சொல்லுல இருந்து வந்தது மாமா. ஒரு எட்டு, காலடின்னு அர்த்தம். பரீச்சையத் தாண்டுறது, மலையில கணவாய், உள்ள விடுத சீட்டு, எல்லாம் அந்த எட்டுதான். ஆயிரம் பாஸுஸ் ஒரு மைல்."

"ஆயிரத்துல மைலா? பட்டாளத்துல ரெண்டாயிரம் எண்ணுவோம்."

"ரோமாபுரிக்காரன் இடதும் வலதும் சேத்து ஒண்ணுன்னு எண்ணுவான்."

மாமா எழுந்தார். "நடந்து பாத்துருவம்."

இடுப்பில் துண்டு, தலையில் எண்ணெய், ஐந்தருவிச் சாலை. அவர் எண்ண, நூற்றுக்கு ஒரு கோடு நான் நாட்குறிப்பில் போட்டேன். பஜ்ஜிக் கடைக்காரர் ஒருவர், "எங்க போறிய அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"நானூத்தி பன்னெண்டு," என்றார் மாமா. பிறகு நின்றார். கணக்கு விட்டுப்போயிற்று.

"முதல்ல இருந்து."

திரும்பி வந்து முதலிலிருந்து நடந்தோம். ஆயிரமாவது எட்டு ஒரு விடுதியின் வாசலில் முடிந்தது. "சரி, இது மைலுதான்னு எப்படித் தெரியும்?" என்றார். அதை நான் யோசித்திருக்கவில்லை.

மறுபடி அருவிக்கு வந்தபோது 11.20. விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை.

"வீட்டுல வெந்நீர் போடச் சொல்லுதேன் மாமா."

"குத்தாலத்துக்கு வந்துட்டுக் குழாய்த் தண்ணியா?" இருபது நிமிடம் அருவியையே முறைத்தார். அது குறையவில்லை.

11.54க்கு, சட்டைக் காலர்வரை எண்ணெய் வழிய, வீட்டுக்குள் நுழைந்தார். எண்ணெய்த் தலையோடு சபையில் உட்காருவது எங்கள் பக்கம் ஆகாது. பாய் நிறைய உறவு, எல்லோரும் அவர் தலையைத்தான் பார்த்தார்கள்.

"என்ன கோலம் இது?" என்றார் அவர் மனைவி.

மாமா என்னைக் காட்டினார். "இவன்கிட்ட கேளு."

நான் "லத்தீன்ல..." என்று ஆரம்பித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு செல்வியே ஒரு துண்டோடு வந்தாள். "எண்ணெயத் துடைச்சிரலாம் மாமா. ராகுகாலத்தைத் துடைக்க முடியாது."

மாமா ஒரு நொடி பார்த்தார்; சிரித்தார்; தலையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 11.58க்குத் தட்டு மாறியது. அன்று எழுதிய ஓலையில் முகூர்த்தத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இன்னும் இருக்கிறது. அன்றுவரை மாமாவுக்குத் 'தம்பி'யாக இருந்த நான் அன்றிலிருந்து 'ஏலே' ஆனேன்.

பின்னொரு நாள் செல்வியின் மகன் முதன்முதலாக இடது காலை வைத்தான், வலது காலை வைத்தான், பொத்தென்று உட்கார்ந்தான். எல்லோரும் கைதட்ட, மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, எழுதிக்கோ. ஒண்ணு. இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது."

எழுதிக்கொண்டேன்.